ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன்: ஜனாதிபதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வக்கீல் ஆபீஸுக்குப் போங்கள்

இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகிற நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் போகிற வழி ஒன்றுதான். காலையில் சிகாகோவில் காரை எடுத்து, மக்காச்சோள வயலுக்கு நடுவே மூன்று மூன்றரை மணி நேரம் ஓட்டி, நேராக மியூசியம், அங்கிருந்து கல்லறை, கல்லறை வாசலில் இருக்கும் வெண்கலத் தலையின் மூக்கைத் தடவி ஒரு ஃபோட்டோ, ஒரு சாப்பாடு, திரும்பி வீடு. போனதற்கு அதுவும் சரிதான். ஆனால் ஆபிரகாம் லிங்கன் இந்த ஊரில் ஜனாதிபதியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1837இலிருந்து 1861 வரை இங்கே இருந்தவர் ஒரு வக்கீல். இடையில் ஒரே ஒரு தடவை பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்து, நம் கணக்கில் சொன்னால் எம்.பி.யாகி, இரண்டு வருஷத்தில் வாஷிங்டனிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் கேஸ் கட்டைத் தூக்கியவர். அந்த மனிதரைப் பார்க்கத்தான் இந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன, லிங்கன்-ஹெர்ன்டன் வக்கீல் ஆபீஸும் லிங்கன் வீடும். இரண்டையும் பற்றித்தான் இது.

முதலில் ஆபீஸ். ஆறாவது தெருவும் ஆடம்ஸ் தெருவும் கூடும் மூலையில், பழைய சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே, ஒரு செங்கல் கட்டடம். 1840, 41 வாக்கில் கட்டியது, டின்ஸ்லி என்ற வியாபாரியுடையது. லிங்கன் தொழில் செய்த ஆபீஸ்கள் ஊரில் பல இடங்களில் இருந்தன, அவற்றில் இன்றைக்கு நிற்பது இது ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், கடந்து போய்விடாதீர்கள். கீழே கண்காட்சி, மேலே ஆபீஸ். இதே கட்டடத்தில்தான் அப்போது ஃபெடரல் கோர்ட்டும் நடந்தது, அதனால் வக்கீல்களுக்கு இந்த மாடியில் ஒரு அறை கிடைப்பது பெரிய வசதி. எதிரே இருந்த சட்டமன்றக் கட்டடத்தில் மாநில உச்ச நீதிமன்றம். கீழே இறங்கி தெருவைக் கடந்தால் கோர்ட்டு, படி ஏறினால் ஆபீஸ். லிங்கன் 1843இல் சீனியர் ஸ்டீபன் லோகனோடு இங்கே வந்தார், அடுத்த வருஷம் பிரிந்து, தன்னைவிட ஒன்பது வயது இளையவரான வில்லியம் ஹெர்ன்டனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஃபீஸ் வந்தால் ஆளுக்குப் பாதி. ஹெர்ன்டனுக்கு அப்போதுதான் தொழிலே ஆரம்பம், அவருக்கும் சரிபாதி கொடுத்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மியூசியம் என்றாலே எங்கே உட்காரலாம் என்று நாற்காலி தேடுகிற ஆள், இந்த மாடியில் உட்காரவே இல்லை. மேஜை மேல் இருந்த காகிதக் கட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட எந்த மாதிரி கேஸ் அதிகம்னு கேளும்மா. கொலை கேஸ்னு சொன்னா நம்பாதே, புரோநோட்டு கேஸாத்தான் இருக்கும்" என்றார். வழிகாட்டிப் பெண்மணியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டு ஆமாம் என்றார். ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத் தொழிலில் லிங்கனும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய வழக்குகள் 5,000க்கு மேல், அதில் பெரும்பங்கு கடன் வசூல்தான். நோட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தராதவன், பன்றி விற்ற கணக்கில் தகராறு, வேலி தள்ளிப் போட்ட தகராறு, விவாகரத்து, அவதூறு. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த ஊராக இருந்தாலும் வக்கீல் ஆபீஸுக்குச் சோறு போடுவது எது என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஆபீஸின் லட்சணத்தை ஹெர்ன்டனே பின்னாளில் நிறைய சொல்லியிருக்கிறார். லிங்கனுக்குக் காகிதத்தை ஒழுங்காக வைக்கத் தெரியாது, முக்கியமான கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். ஒரு கட்டின் மேல், வேறு எங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று எழுதி வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை பையன்களை அழைத்து வந்துவிடுவார், அதுகள் மசிப்புட்டியைக் கவிழ்த்து, பேனா முனையை உடைத்து, காகிதத்தை வாரி இறைக்க, அப்பாக்காரர் ஒரு வார்த்தை அதட்டமாட்டார். ஹெர்ன்டனுக்கு அந்தப் பையன்களின் கழுத்தைத் திருகவேண்டும் போல இருக்குமாம். இன்னொரு கதையும் உண்டு. எம்.பி.க்கள் தொகுதி விவசாயிகளுக்குக் கொடுக்க அரசாங்கம் விதைப் பொட்டலம் தருவது அப்போது வழக்கம். லிங்கன் கொண்டுவந்த விதையில் கொஞ்சம் ஆபீஸ் தரையில் சிந்தி, பெருக்காமல் கிடந்த மண்ணிலேயே முளைத்துவிட்டதாம். இதைக் கேட்டதும் அப்பா, "கட்டு எடுத்து வைக்க ஒரு குமாஸ்தா இல்லாம எப்படித்தான் தொழில் பண்ணாரோ" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இப்போது எம்.பி. விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் பேச நிறைய இருக்கிறது. இந்தச் சின்ன ஊர் வக்கீல் ஆபீஸ்களிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு பாதையே போட்டு வைத்திருந்தார்கள். லிங்கனின் முதல் சீனியர் ஜான் ஸ்டூவர்ட் 1838இல் ஸ்டீபன் டக்ளஸைத் தோற்கடித்து எம்.பி. ஆனார், வித்தியாசம் வெறும் 36 வாக்கு. அவர் கிளம்பிப் போனதும் ஆபீஸை ஒண்டியாக நடத்த வேண்டி வந்த லிங்கன், ஃபீஸ் புத்தகத்தில் 1839 நவம்பர் 2 என்று தேதி போட்டு, லிங்கனின் நிர்வாகம் ஆரம்பம் என்று எழுதி வைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. அப்புறம் அந்த வட்டாரத்து ஏழாம் தொகுதியில் விக் கட்சிக்காரர்களுக்குள் (அப்போது ஜனநாயகக் கட்சிக்கு எதிராக இருந்த கட்சி, லிங்கனும் அதில்தான்) ஆளுக்கொரு முறை என்று ஆயிற்று. ஜான் ஹார்டின், எட்வர்டு பேக்கர், அடுத்து லிங்கன். ஹார்டின் மறுபடியும் நிற்கப் பார்த்தபோது முறைக்கு முறை என்று சொல்லிச் சொல்லியே ஊர் ஊராகக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டி அவரை விலக வைத்தார் நம் ஆள். மகாத்மாவாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். கட்சிக்குள் கணக்குப் போடத் தெரியாமல் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. 1846 ஆகஸ்டில் பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரைத் தோற்கடித்தார். 1847 டிசம்பரில் சபை கூடியபோது இலினாய் மாநிலத்திலிருந்து வந்த ஒரே விக் உறுப்பினர் அவர்தான்.

போனதும் என்ன செய்தார் என்றால், ஆசனம் சூடாகும் முன்னே ஜனாதிபதியையே கேள்வி கேட்டார். மெக்சிகோ போர் நடந்துகொண்டிருக்கிறது, நம் மண்ணில் நம் ரத்தத்தை மெக்சிகோ சிந்தியது என்று ஜனாதிபதி போல்க் சொல்கிறார். டிசம்பர் 22ஆம் தேதி லிங்கன் தீர்மானம் கொண்டுவந்தார், எட்டுக் கேள்வி. சாராம்சம் ஒன்றுதான்: ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது நம் மண்தானா, காட்டுங்கள். சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. சொந்த ஊரில் பெயர் கெட்டது, எந்த ஸ்பாட், எந்த இடம் என்று கேட்டதால் எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ஸ்பாட்டி லிங்கன் என்று பட்டப்பெயர் வைத்தன. ஏனென்றால் இலினாயிலிருந்து பையன்கள் அந்தப் போரில் செத்துக்கொண்டிருந்தார்கள், அவருக்கு முன் எம்.பி.யாக இருந்த ஹார்டினே அந்த வருஷம் பிப்ரவரியில் போர்க்களத்தில் இறந்திருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில், நான் நின்றுகொண்டிருந்த அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஹெர்ன்டன், நீங்கள் செய்வது தப்பு என்று சீனியருக்கே கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க அவசியம் என்று ஜனாதிபதி நினைத்தால் எல்லை தாண்டிப் போகலாம் என்பது ஹெர்ன்டனின் வாதம். அதற்கு 1848 பிப்ரவரி 15இல் லிங்கன் எழுதிய பதில் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அவசியம் என்று அவரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால், இஷ்டப்பட்டபோதெல்லாம் போர் தொடுக்கிற அதிகாரத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறாய், அதற்கு எல்லை எங்கே என்று யோசித்துப் பார் என்கிறார். ராஜாக்கள்தான் ஜனங்களைப் போரில் இழுத்துவிட்டு ஏழையாக்கினார்கள், அதனால்தான் அந்த அதிகாரத்தை ஒரு ஆள் கையில் கொடுக்காமல் சபையிடம் கொடுத்தார்கள் என்கிறார். கோபமில்லை, அதட்டல் இல்லை, ஜூனியரோடு ஒரு சட்டப் பாயிண்டைப் பேசித் தீர்க்கிற மாதிரியே எழுதியிருக்கிறார். ஸ்பிரிங்ஃபீல்டு போவதற்கு முன் அந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுப் போங்கள், இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. படித்துவிட்டுப் போனால் அந்த மாடி அறை வேறு மாதிரி தெரியும்.

வாஷிங்டனில் அவர் தங்கிய இடம் இப்போது இல்லை. மிஸஸ் ஸ்ப்ரிக் என்ற அம்மாளின் தங்கும் விடுதி, கேப்பிட்டல் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே. அந்த இடத்தில் இன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஜெஃபர்சன் கட்டடம் நிற்கிறது. அடிமை முறையை எதிர்த்த எம்.பி.க்கள் பலர் அங்கேதான் தங்கினார்கள். 1848 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பணியாளரை, தன் விடுதலைக்கு விலை கட்டிக் கட்டி முக்கால்வாசி அடைத்துவிட்டவரை, அடிமை வியாபாரிகள் விடுதிக்குள்ளேயே புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கேப்பிட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடி தெரியும், லிங்கனே பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார். 1849 ஜனவரியில், தலைநகரில் மட்டுமாவது அடிமை முறையை ஒழிக்க ஒரு திட்டத்தைச் சபையில் வாசித்தார். உடையவர்களுக்கு நஷ்டஈடு உண்டு, 1850க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை, எல்லாவற்றுக்கும் மேல் அங்குள்ள வெள்ளைக்கார வாக்காளர்கள் ஒப்ப வேண்டும். தப்பி ஓடிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. ஆதரிக்கிறேன் என்றவர்கள் நழுவிவிட, மசோதாவாகத் தாக்கல் செய்யாமலே விட்டார். அந்த ஷரத்துக்காகப் பதினோரு வருஷம் கழித்துக்கூட அவரைத் திட்டியவர்கள் உண்டு. திட்டியது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் எம்.பி. சம்பளம் நாளுக்கு 8 டாலர், பயணப்படி 20 மைலுக்கு 8 டாலர். நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹொரஸ் க்ரீலி கொஞ்ச காலம் சபைக்கு வந்தார், வந்த வேகத்தில் யார் யார் எத்தனை மைல் கூடுதலாகக் கணக்கு எழுதினார்கள் என்று பட்டியல் போட்டு அச்சிட்டுவிட்டார். லிங்கன் பெயரும் இருந்தது. நேர்வழி 780 மைல், அவர் எழுதியது 1,626, கூடுதலாக வாங்கியது 676 டாலர் 80 சென்ட். சட்டப்படி குற்றமில்லை, வழக்கமாகப் போகும் வழி என்றுதான் விதி சொன்னது, கிட்டத்தட்ட எல்லா உறுப்பினர்களும் அப்படித்தான் வாங்கினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் காசு கொடுத்து இறக்கிக்கொண்ட ஒரு ஆடியோ டூர் செயலி இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் முழுக்க நடந்தபோது காதில் ஓதிக்கொண்டே வந்தது என்னவென்றால், குற்றவாளி என்று தெரிந்தால் அவர் கேஸே எடுக்கமாட்டார், அடிமைகளுக்காக மட்டுமே வாதாடினார், இந்த வகையறா. 1847 அக்டோபரில், வாஷிங்டன் கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், கென்டக்கி அடிமை முதலாளி ராபர்ட் மேட்சனுக்காக அவர் கோல்ஸ் கவுண்டி கோர்ட்டில் நின்றார். எதிரே ஜேன் பிரையண்ட் என்ற பெண்ணும் அவள் குழந்தைகளும். லிங்கன் தோற்றார், அந்தக் குடும்பம் விடுதலையானது. அதே லிங்கன் 1841இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நான்ஸ் என்ற பெண் விற்கப்பட முடியாதவள் என்று வாதாடி ஜெயித்தவர். இரண்டையும் சேர்த்துச் சொல்லாத டூர் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். ஆபீஸில் கிடைத்த வழிகாட்டிப் பெண்மணியிடம் மேட்சன் வழக்கைப் பற்றிக் கேட்டேன். மழுப்பாமல் பத்து நிமிஷம் நின்று பதில் சொன்னார். இந்த இடத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, வீடு. எட்டாவது தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் மூலை, ஆபீஸிலிருந்து நடந்தே போய்விடலாம், அவரும் தினமும் நடந்துதான் போனார். வீட்டை மட்டுமில்லாமல் சுற்றி நான்கு பிளாக்கையே தேசியப் பூங்கா சர்வீஸ் பராமரிக்கிறது, தெருவில் கார் கிடையாது, மரப்பலகை நடைபாதை. ஏழாவது தெருவில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் நேரம் போட்ட டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும், டிக்கெட் இலவசம், பார்க்கிங்குக்குத்தான் காசு. இலவசம் என்பதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. மூத்த மகன் ராபர்ட் 1887இல் வீட்டை மாநிலத்துக்குக் கொடுத்தபோது, யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். இன்று வரை வாங்குவதில்லை.

1844இல் வாங்கும்போது இது ஒன்றரை மாடி வீடு. 1,200 டாலர் ரொக்கமும் 300 டாலர் பெறுமான ஒரு மனையும் கொடுத்தார். விற்றவர் சார்லஸ் டிரெஸ்ஸர், லிங்கனுக்கும் மேரிக்கும் கல்யாணம் செய்து வைத்த பாதிரியார். எம்.பி.யாகக் கிளம்பியபோது ஆண்டுக்கு 90 டாலர் என்று வாடகைக்கு விட்டுவிட்டு, சாமான்களை மாடியில் ஒரு அறையில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். தேசிய அரசியலுக்குப் போகிறவன் வீடு அப்படித்தான் இருந்திருக்கிறது. 1856 வாக்கில்தான் முழு மாடி எழும்பியது. ரயில்வே கேஸ்கள் வந்த காலம் அது, இலினாய் சென்ட்ரல் கம்பெனிக்காக வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்து, ஃபீஸுக்கு அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு 5,000 டாலர் வாங்கினார், அதிலும் பாதி ஹெர்ன்டனுக்கு.

உள்ளே அதிகம் நேரம் தரமாட்டார்கள், வழிகாட்டி அழைத்துப் போகிறபடி நகர வேண்டும். கீழே இரண்டு வரவேற்பறை, 1860இல் கட்சிக்காரர்கள் வந்து நீங்கள்தான் ஜனாதிபதி வேட்பாளர் என்று முறைப்படி சொன்னது இங்கேதான். எனக்கு அதைவிடப் பிடித்தது மாடிப்படிக் கைப்பிடி. எதையும் தொடாதே என்று சொல்கிற வீட்டில், இதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம் என்று சொல்கிறார்கள், அவர் காலத்தில் இருந்த அதே கைப்பிடி. மேலே அவர் அறையில் ஒரு சின்ன எழுதும் மேஜை, ஆறடி நான்கு அங்குல மனிதர் அதில் எப்படிக் காலை மடக்கி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை, அவ்வளவு சின்னது. இரண்டாவது மகன் எடி நான்கு வயது நிரம்பும் முன் 1850இல் இந்த வீட்டில்தான் இறந்தான். எம்.பி. பதவி முடிந்து, நில அலுவலகக் கமிஷனர் வேலைக்கு முயன்று அதுவும் கிடைக்காமல், ஆரிகன் கவர்னர் பதவி கொடுத்தும் வேண்டாமென்று, மறுபடி புரோநோட்டு கேஸுக்குத் திரும்பிய சில மாதத்தில் இது. அரசியல் முடிந்தது என்று அவரே நினைத்த வருஷங்கள் அவை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வீடு சரிப்படும், ஆபீஸ் கொஞ்சம் சலிக்கும். அவர்களை மியூசியத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ஆபீஸ் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஹார்ஸ்ஷூ என்று ஊர்ப் பெருமையாக ஒன்று கொடுப்பார்கள், ரொட்டி மேல் கறி, அதன் மேல் உருளைக்கிழங்கு வறுவல், அதன் மேல் சீஸ் குழம்பு. சைவத்திலும் சில இடங்களில் செய்து தருகிறார்கள். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

நேரம் இருந்தால் ஊருக்குள் இன்னொரு மியூசியம் தேடாமல் மவுண்ட் புலாஸ்கிக்குக் காரை விடுங்கள், வடகிழக்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டாம் சர்க்யூட் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நீதிபதி டேவிட் டேவிஸும் வக்கீல்களும் கூட்டமாகக் குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கோர்ட்டு நடத்துவார்கள், சத்திரத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுப்பார்கள். அந்தச் சர்க்யூட்டின் கோர்ட்டுகளில் அதே இடத்தில் அப்படியே நிற்பவை மிகச் சில, மவுண்ட் புலாஸ்கி அதில் ஒன்று. சதுக்கத்தின் நடுவில் செங்கல் கட்டடம், கூட்டமே இருக்காது. திறந்திருக்கும் நாளை மட்டும் ஃபோனில் கேட்டுக்கொண்டு போங்கள்.